அக்காவுக்கு, சிங்கப்பூரிலிருந்து

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நலம். நீ, அத்தான், பிள்ளைகள், அம்மா எல்லோரும் நலமா? அணைத் தண்ணீர் நம் வாய்க்காலுக்கு வந்துவிட்டதா? நடவுக்கு ஆள் கிடைத்ததா?

போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். அதனால்தான் எழுதுகிறேன். அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே.

வேலை கடுமைதான். விடியுமுன் லாரி வந்துவிடும். ராத்திரியே சமைத்துக் கட்டிய கேட்டரிங் சோற்றை மதியம் பிரித்தால் சில நாள் ஊசல் வாடை அடிக்கும். அதெல்லாம் பழகிவிட்டது. மாதம் 72 மணி நேரத்துக்கு மேல் ஓவர்டைம் கூடாது என்று இங்கே சட்டம் இருக்கிறது. நம் ஆட்களுக்கு அதில் சந்தோஷம் இல்லை. கடன் அடைவதே ஓ.டி. காசில்தானே!

தூக்கம்தான் வரமாட்டேன் என்கிறது. விளக்கை அணைத்த பிறகும் அறையில் பாதிப் பேர் முகத்தில் போன் வெளிச்சம். பட்டுக்கோட்டைப் பக்கத்து அண்ணன் ஒருவர் எங்களோடு இருக்கிறார். 2018 கஜா புயலில் தென்னந்தோப்பு முழுக்கச் சாய்ந்துவிட்டது. புதுக் கன்று காய்க்கும்வரை வட்டி காத்திருக்குமா? ஏஜெண்டுக்குக் கட்ட இன்னொரு கடன் வாங்கி இங்கே வந்தார். போன மாதம் சாரத்தின் மேல் பாதுகாப்பு பெல்ட்டின் கொக்கியை மாட்டாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தார். கீழே இறக்கி விசாரித்தால், பல ராத்திரியாகத் தூக்கமே இல்லையாம். வட்டிக்காரன் வீட்டு வாசலில் வந்து கத்தியதை அண்ணி போனில் சொல்லியிருக்கிறார். சூபர்வைசர் கேட்டதற்கு "ஒன்றுமில்லை சார்" என்றுவிட்டார். மனசு சரியில்லை என்று சொன்னால் வேலை பெர்மிட்டை ரத்து செய்து ஊருக்கு ஏற்றிவிடுவார்களோ என்ற பயம். பெர்மிட் முதலாளி கையில் இருக்கும்போது அந்தப் பயத்தைத் தப்பென்று எப்படிச் சொல்வது?

2020இல் கொரோனாவுக்காக நாங்கள் தங்கும் டார்மிட்டரி விடுதிகளைப் பூட்டி வைத்த பிறகுதான் எங்கள் மனநலம் பற்றி இங்கே பேச்சே அதிகமானது. ஹெல்த்சர்வ் என்ற தொண்டு அமைப்பில் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை, நம் ஆட்கள் கூடும் தேக்கா சந்தையில் காய் வாங்கப் போனபோது அண்ணனையும் இழுத்துப் போய், வீரமாகாளியம்மன் கோயில் பக்கமாக உட்கார்ந்து அவர்களுக்குப் போன் போட்டோம். நெடுநேரம் பேசினார். கடன் அப்படியேதான் இருக்கிறது. தூக்கம் மட்டும் கொஞ்சம் வருகிறது என்கிறார்.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். குழு லோன் தவணையோ, நகை ஏலத்துக்கு வருவதோ, எதையும் மறைக்காதே. மறைத்தால் நானே இன்னும் மோசமாகக் கற்பனை செய்துகொள்வேன். ஆனால் நீ இரவு 9.30க்குக் கூப்பிட்டால் இங்கே 12 மணி. சாயங்காலம் 6.30க்குக் கூப்பிடு. பணக் கணக்கை ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்வோம். மற்ற நாளில் சின்னவன் பள்ளிக்கூடத்தில் வாங்கிய அடியைப் பற்றிச் சொல், போதும்.

அப்புறம், மாமா மகன் இங்கே வேலைக்கு வர ஸ்கில் டெஸ்டுக்குப் பணம் கட்டப் போகிறானாமே. இங்குள்ள ஏஜெண்டு 2 மாதச் சம்பளத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்பது சட்டம். ஊர்த் தரகர் கேட்கும் லட்சங்களை அந்தச் சட்டம் தொடாது. நிலத்தை அடகு வைத்துத்தான் வர முடியும் என்றால் இந்த வருஷம் வேண்டாம் என்று சொல். வருவதென்றாலும் ஐபிஏ தாளை, அதாவது வேலை பெர்மிட்டுக்கு இங்குள்ள அரசு முன்கூட்டித் தரும் ஒப்புதல் கடிதத்தை, கண்ணால் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. அது தமிழிலும் வரும். அதில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு போட்டிருக்கிறது என்று அத்தானைப் படித்துப் பார்க்கச் சொல். ஓ.டி. சேர்த்துத் தரகர் வாயால் சொல்கிற தொகையை நம்ப வேண்டாம்.

மோட்டார் காயில் கட்ட அனுப்பிய பணம் வந்ததா என்று அத்தானிடம் கேட்டுச் சொல்.

இப்படிக்கு,
உன் தம்பி