மூலைவிட்டத்துக்கு வெளியே ஓர் எண்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பணி ஓய்வுக்குப் பிறகு நீ புள்ளியியலைக் கையில் எடுத்திருப்பதில் எனக்கு மகிழ்ச்சி. லாகரிதம் அட்டவணையைப் புரட்டிப் புரட்டி ஒரே ஒரு நேர்கோட்டைப் பொருத்துவதற்கு நாம் ஒரு மாலைப்பொழுதையே தொலைத்தது நினைவுக்கு வந்தது. இங்கே என் முழங்கால் வலியைத் தவிரப் புதிய செய்தி எதுவும் இல்லை என்பதால், நீ இணைத்திருந்த கணக்குத் தாளுக்கு நேராக வந்துவிடுகிறேன்.

ஆர் மென்பொருளோடு வரும் 'கார்ஸ்' தரவை எடுத்திருக்கிறாய். 1920களில் பதிவான 50 அளவீடுகள் அவை. மணிக்கு இத்தனை மைல் வேகத்தில் சென்ற கார் நிற்பதற்கு எத்தனை அடி தேவைப்பட்டது என்பதைச் சொல்பவை. நீ பொருத்திய கோட்டின் வெட்டுத்துண்டு (பூஜ்ஜிய வேகத்தில் கோடு தரும் மதிப்பு) −17.58, சாய்வு 3.93, அவற்றின் திட்டப் பிழைகள் (மதிப்பீடு எவ்வளவு தடுமாறலாம் என்பதன் அளவு) 6.76, 0.4155 என்று நீ எழுதியவை எல்லாம் சரி. (அசையாமல் நிற்கும் வண்டி மைனஸ் 17 அடியில் நிற்கும் என்று இந்தக் கோடு சொல்வதைப் பார்த்து நீயும் சிரித்திருப்பாய்.) 10 மைல் வேகத்தில் சராசரித் தூரம் 21.7 அடி என்பதும் சரிதான். அந்த 21.7க்கு நீ கொடுத்திருக்கும் திட்டப் பிழைதான் தவறு. 6.76இன் வர்க்கத்தோடு, சாய்வின் பிழையைப் பத்தால் பெருக்கி வர்க்கமாக்கிக் கூட்டி, 62.94 பெற்று, அதன் வர்க்கமூலமாக 7.93 என்று எழுதியிருக்கிறாய். உண்மையான விடை 3.12.

இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று அறியாதவை என்று நீ வைத்துக்கொண்டதே இதற்குக் காரணம். பொருத்தப்பட்ட கோடு எப்போதும் தரவின் சராசரிப் புள்ளி வழியாகவே போகும். இங்கே அது 15.4 மைல், 42.98 அடி. கிணற்று ஏற்றத்தின் துலாவைப் போல அந்தப் புள்ளியைத் தாங்குகோலாகக் கொண்டு கோடு ஆடுகிறது. சாய்வு சற்றுக் கூடினால், பூஜ்ஜிய வேகத்தில் இருக்கும் வெட்டுத்துண்டு இறங்கியே தீர வேண்டும். சாய்வை மிகுதியாக மதிப்பிட்டுவிட்டால் வெட்டுத்துண்டைக் குறைவாக மதிப்பிட்டிருப்போம். நடுப்பகுதியில் அவை பெருமளவு ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்கின்றன.

இதைக் காகிதத்திலேயே சரிபார்த்துவிடலாம். எச்சங்களின் (அளந்த தூரத்துக்கும் கோடு சொல்லும் தூரத்துக்கும் உள்ள வித்தியாசங்களின்) வர்க்கங்களைக் கூட்டினால் 11353.5, வெட்டுத்துண்டு, சாய்வு என்ற இரண்டு பண்பளவைகளை மதிப்பிட்டுவிட்டதால் அதை 48ஆல் வகுக்க வேண்டும், 236.53 கிடைக்கும்; இதுதான் எச்ச வேரியன்ஸ், அதாவது எச்சங்களின் சிதறல். அடுத்து, ஒன்றுகளாலான நிரலையும் வேகங்களாலான நிரலையும் கொண்ட அணியை அதன் இடமாற்று அணியால் இடப்புறம் பெருக்கினால் 50, 770, 770, 13228 என்ற சிறிய அணி வரும். அதன் அணிக்கோவை 68500. நேர்மாறு கண்டு 236.53ஆல் பெருக்கினால், மூலைவிட்டத்தில் 45.68, 0.1727, அதற்கு வெளியே இரு இடங்களிலும் −2.659. இதுதான் வேரியன்ஸ்-கோவேரியன்ஸ் அணி: மூலைவிட்டத்தில் இருப்பவை திட்டப் பிழைகளின் வர்க்கங்கள் (வேரியன்ஸ்), வெளியே இருப்பது இரு மதிப்பீடுகளும் சேர்ந்து மாறும் அளவு (கோவேரியன்ஸ்). ஆரில் 'விகோவ்' கட்டளையைக் கேட்டால் கிடைப்பதும் இதுவே. இப்போது உன் 62.94இலிருந்து, 2.659ஐ இருபதால் (வேகம் பத்து, இடங்கள் இரண்டு) பெருக்கிவந்த 53.18ஐக் கழித்துப் பார்: 9.77. அதன் வர்க்கமூலம்தான் 3.12. நீ விட்டுவிட்ட அந்த ஓர் எண்ணை இரண்டு திட்டப் பிழைகளாலும் வகுத்தால், −1 முதல் 1 வரை போகும் ஒட்டுறவாக −0.95 ஆகிறது. புறக்கணிக்கக்கூடிய அளவா அது?

எல்லா வேகங்களிலிருந்தும் 15.4ஐக் கழித்துவிட்டுப் பொருத்தினால் கோவேரியன்ஸ் பூஜ்ஜியமாகிவிடும். வெட்டுத்துண்டு 42.98, அதன் பிழை 2.17, சாய்வோ அதன் பிழையோ இம்மியளவும் மாறாது. கோடு அதே கோடுதான். எந்த இடத்திலிருந்து அளக்கிறோம் என்பதைப் பொறுத்தே அந்த ஒட்டுறவு தோன்றி மறைகிறது. ஆகவே பண்பளவைகளையும் திட்டப் பிழைகளையும் மட்டும் அச்சிட்டுவிட்டு அணியை மறைத்துவிடும் அறிக்கைகள் மீது எனக்கு நெடுநாளாகவே எரிச்சல் உண்டு. படிப்பவர் வேறொரு வேகத்துக்குப் பிழையைக் கணக்கிட வழியே இல்லாமல் செய்துவிடுகின்றன.

நேர்கோட்டைத் தாண்டிப் போகும்போது நீ இடறக்கூடிய இடம் ஒன்று உண்டு; நானும் அங்கே விழுந்து எழுந்தவன்தான். கிடைத்த தரவுக்கு மிகப் பொருத்தமான பண்பளவைகளைத் தேடும் மீப்பெரு வாய்ப்பு முறையில், வாய்ப்புச் சார்பின் லாகரிதத்துக்கு எதிர்க்குறி இட்டு, அதன் இரண்டாம் வகைக்கெழுக்களாலான ஹெசியன் அணியை நேர்மாறாக்கினால் கோவேரியன்ஸ் அணி தோராயமாகக் கிடைக்கும். நான் ஒருமுறை வாய்ப்புச் சார்புக்குப் பதிலாக எச்சங்களின் வர்க்கக் கூட்டுத்தொகையையே ஆரின் 'ஆப்டிம்' என்ற சிறுமம் தேடும் கட்டளைக்குக் கொடுத்துவிட்டு, வந்த ஹெசியனை அப்படியே நேர்மாறாக்கிவிட்டேன். அதை எச்ச வேரியன்ஸின் இரு மடங்கால் பெருக்க வேண்டும் என்பதை மறந்துபோனேன். உன் தரவில் அப்படிச் செய்திருந்தால் சாய்வின் திட்டப் பிழை 0.4155க்குப் பதிலாக 0.019 என்று வந்து நிற்கும். என் கணக்கிலும் அதுபோலத் துல்லியம் பிரமாதமாக இருக்கவே, இரண்டு நாள் அதை நம்பிக்கொண்டு திரிந்தேன்.

பைத்தானுக்கு மாறப் போவதாகவும் எழுதியிருக்கிறாய். அங்கே சைபை என்ற கணிப்புத் தொகுப்பின் 'கர்வ் ஃபிட்' இந்தக் கோவேரியன்ஸ் அணியை இரண்டாவது விடையாகத் தருகிறது; அளவீட்டுப் பிழைகளை நீ கொடுத்தாலும், தனியாகச் சொல்லாவிட்டால், எச்சங்களைப் பார்த்து அவற்றைத் தானே மறுஅளவிட்டுக்கொள்ளும். சிறுமத்தைப் படிப்படியாகத் தேடும் 'பிஎஃப்ஜிஎஸ்' முறை இறுதியில் தரும் நேர்மாறு ஹெசியனை மட்டும் நம்பிவிடாதே. தேடிப்போகும் வழியில் அது தன் வசதிக்காகக் கட்டிக்கொண்ட தோராயம் அது, சிகரத்தில் நின்று அளந்த வளைவு அல்ல.

இன்னொரு ஐயமும் எனக்கு இருக்கிறது. வேகம் கூடக்கூட இந்தத் தரவில் எச்சங்கள் விரிவது போலத் தெரிகிறது, அப்படியானால் 236.53 என்ற ஒரே எண்ணை எல்லா வேகத்துக்கும் பயன்படுத்துவது முறையாகாது. ஹூபர் 1967இலும் வைட் 1980இலும் முன்வைத்த 'சாண்ட்விச்' மதிப்பீடு, எச்சங்களின் சிதறல் எங்கும் ஒன்றுதான் என்று கொள்ளாமல் அணியைக் கணக்கிடும் முறை, இதற்காகவே இருக்கிறது. எச்சங்களை வேகத்துக்கு எதிராக வரைந்து பார்த்துவிட்டு, அந்த முறையிலும் ஒருமுறை அணியைக் கணக்கிட்டு அடுத்த கடிதத்தில் எழுது. சமச்சீர் அணிதானே, மூன்று எண்கள் போதும்.

என்றும் அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்