பிரௌனி வாங்குமுன் மூடியைத் திறந்து எண்ணைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் பழைய கேமராக்கள் பற்றி வந்த கட்டுரையில் கோடாக் பிரௌனி வரிசைக்கும் ஒரு பத்தி ஒதுக்கியிருந்தது மகிழ்ச்சி. ஆனால் அதில் இரண்டு செய்திகளைத் திருத்தியாக வேண்டும். பிரௌனிக்கு இனி ஃபிலிம் கிடையாது, அலமாரியில்தான் வைக்கலாம் என்பது ஒன்று. இப்போதைய ஃபிலிம் ஸ்பூலின் (ஃபிலிம் சுற்றியிருக்கும் உருளை) விளிம்பை நறுக்கிப் போட்டால் எந்தப் பிரௌனியிலும் ஓடும் என்பது மற்றொன்று. முதலாவதை நம்புகிறவர் நல்ல கேமராவைப் பழைய சாமான் கடையில் போடுவார். இரண்டாவதை நம்புகிறவர் நல்ல ஃபிலிமைக் கெடுத்துக்கொள்வார்.

பிரௌனி என்பது ஒரு கேமரா அல்ல, ஒரு குடும்பம். 1900 பிப்ரவரியில் அமெரிக்காவில் ஒரு டாலருக்கு விற்பனைக்கு வந்தது முதல் பிரௌனி. ஃபிராங்க் பிரவுனெல் வடிவமைத்த அட்டைப் பெட்டி அது. ஆறு படம் எடுக்கும் ஃபிலிம் ரோல் 15 சென்ட். ஓவியர் பாமர் காக்ஸ் வரைந்த ‘பிரௌனி’ என்ற குட்டி மனிதர்களின் பெயரைத்தான் கேமராவுக்கு வைத்தார்கள்; தின்னும் பிரௌனிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. குழந்தைகள்கூடப் படமெடுக்கலாம் என்று விற்றதால் லட்சக்கணக்கில் போனது. அதனாலேயே இது அபூர்வப் பொருள் அல்ல. ‘நூறு வருஷத்து ஆன்டிக்’ என்று ஆயிரக்கணக்கில் விலை சொன்னால் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடலாம்.

வாங்குமுன் செய்ய வேண்டியது ஒன்றே. பின் மூடியைத் திறந்து, எந்த ஃபிலிம் என்று உள்ளே அச்சிட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். 120 என்றிருந்தால் கவலையில்லை. 1901-இல் வந்த ‘நெ. 2 பிரௌனி’க்காகவே உருவான அளவு அது. இன்றும் இல்ஃபோர்டு, கோடாக் எல்லாம் 120 ரோல் தயாரிக்கிறார்கள். ஒரு ரோலுக்கு 6க்கு 9 செ.மீ. அளவில் எட்டுப் படம். ஆனால் ‘நெ. 2’ என்பதற்குப் பக்கத்தில் ‘ஏ’ என்ற எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தால் கதை வேறு. நெ. 2ஏ கேட்பது 116 ஃபிலிம், 7 செ.மீ. அகலம், உற்பத்தி நின்று பல வருடமாகிறது. நெ. 3 கேட்பது 124, அதுவும் போய்விட்டது. 127 போடும் சின்ன பிளாஸ்டிக் பிரௌனிகளுக்கு ஃபிலிம் எப்போதாவது தென்படும், விலை கடிக்கும். நம் ஊர்ப் பரணில் அதிகம் கிடைக்கும் அக்ஃபா கிளிக் 3 பிரௌனி இனமல்ல என்றாலும் 120 ரோலையே எடுத்துக்கொள்ளும், 12 சதுரப் படம் தரும்.

மீதியிருப்பது 620. பிரௌனி ஹாக்ஐ உட்பட நல்ல மாடல்கள் பல இந்த அளவில்தான் வருகின்றன. 620 ஃபிலிமைக் கோடாக் 1995-இல் நிறுத்திவிட்டது. ஆனால் 620-க்கும் 120-க்கும் ஃபிலிம் ஒன்றே, அதே அகலம், அதே நீளம். வித்தியாசம் ஸ்பூலில்தான். 620 ஸ்பூலின் தண்டு மெலிது, இரு பக்க வட்டமும் சிறிது, ஃபிலிமைச் சுற்றும் சாவி நுழையும் துளையும் வேறு. கட்டுரையில் சொன்னபடி வட்டத்தை நகவெட்டியால் நறுக்கினால் உள்ளே நுழையலாம். ஆனால் நறுக்கிய ஓரம், ஃபிலிமோடு சேர்த்துச் சுற்றியிருக்கும் காகிதத்தை ஒழுங்காக அணைக்காது, பக்கவாட்டில் வெளிச்சம் புகும். பிளாஸ்டிக் தூள் ஃபிலிம் மேல் விழுந்து ஒவ்வொரு படத்திலும் புள்ளி வைக்கும். சுற்றிக்கொள்ளும் பக்கத்துச் சாவியோ 120 ஸ்பூலின் துளையில் பிடிக்கவே பிடிக்காது. ஹாக்ஐ கேமராக்கள் பலவற்றில் ஃபிலிம் வரும் பக்கத்தில் மட்டும் 120 ஸ்பூல் அப்படியே உட்கார்ந்துவிடுவது உண்டு. சுற்றும் பக்கத்துக்கு 620 ஸ்பூல் வேண்டியதுதான்.

சரியான வழி, ஃபிலிமை 620 ஸ்பூலுக்கு மாற்றிச் சுற்றுவது. காலி 620 ஸ்பூல் இரண்டு (ஒன்று ஃபிலிமுக்கு, ஒன்று கேமராவில் சுற்றிக்கொள்ள), இடையில் பயன்படுத்தக் காலி 120 ஸ்பூல் ஒன்று. முதலில் வீணான ஒரு ரோலை வைத்து வெளிச்சத்தில் நாலைந்து முறை பழகுங்கள். பிறகு கும்மிருட்டு அறையில், அல்லது கை நுழைக்கும் கறுப்புப் பையில். புது ரோலின் ஒட்டுத்தாளைக் கிழித்து, முழு ரோலையும் இடை ஸ்பூலில் இறுக்கமாகச் சுற்றுங்கள். காகிதத்தோடு ஃபிலிம் ஒட்டியிருப்பது ஆரம்ப முனையில் மட்டும்தான், மறுமுனை சும்மா கிடக்கும். இப்போது இடை ஸ்பூலிலிருந்து 620 ஸ்பூலுக்கு. முதலில் காகிதத்தின் வால் மட்டும் வரும். அடுத்து ஃபிலிமின் ஒட்டாத முனை விரலில் தட்டுப்படும். அதைக் காகிதத்துக்கும் தண்டுக்கும் நடுவே நேராகச் செருகி, இரு வட்டத்துக்கும் நடுவில் ஓடுகிறதா என்று கட்டைவிரலால் தடவிக்கொண்டே சுற்ற வேண்டும்.

சொதப்பும் இடம் கடைசியில் இருக்கிறது. டேப் ஒட்டிய முனை வரும்போது ஃபிலிம் மேடு தட்டி நிற்கும். ஃபிலிமும் காகிதமும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றுவதால், சுற்றின் பருமன் மாறும்போது நீளமும் சற்று மாறுகிறது; அந்த மிச்சம் முழுவதும் ஒட்டிய முனையில் வந்து சேர்கிறது. அமுக்கிச் சுற்றினால் மடிப்பு விழும், கேமராவில் ரோல் சிக்கும். டேப்பை மெதுவாகத் தூக்கி, ஃபிலிமைத் தட்டையாக நீவி, மறுபடி ஒட்டுங்கள். வெடுக்கென்று உரித்தால் மின்னூட்டத்தில் பொறி பறந்து ஃபிலிமில் கோடு விழ வாய்ப்புண்டு. மீதிக் காகிதத்தை இறுக்கிச் சுற்றி ரப்பர் பேண்டு போட்ட பிறகுதான் விளக்கு.

அடுத்த வில்லன் முதுகில் இருக்கும் சிவப்பு ஜன்னல். படத்தின் எண்ணைப் பார்க்க வைத்தது. அந்தக் காலத்து ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது, அதனால் ஆபத்தில்லை. இன்றைய ஃபிலிம் எல்லா நிறத்துக்கும் மசியும். வெயிலில் அந்த ஜன்னல் திறந்தே கிடந்தால் படத்தின் நடுவில் வட்டமாக ஒரு கறை விழும், எண்ணின் நிழல்கூடப் பதியலாம். கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் மூடிவைத்து, ஃபிலிம் சுற்றும்போது மட்டும், அதுவும் நிழலில் நின்று, திறந்து பாருங்கள்.

எக்ஸ்போஷரை, அதாவது ஃபிலிமில் விழும் வெளிச்சத்தின் அளவை, பொறுத்தவரை பிரௌனி பிடிவாதக்காரன். ஷட்டர் வேகம் ஒன்றே, சுமார் 1/30 முதல் 1/50 நொடி. வெளிச்சம் நுழையும் லென்ஸ் துளையின் அளவு சுமார் எஃப் 15. கணக்குப் போட்டால் உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100 ஃபிலிமுக்கு (ஐஎஸ்ஓ எண் கூடினால் ஃபிலிமுக்குக் குறைந்த வெளிச்சமே போதும்) ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை வெளிச்சம் கூடுதல்; ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு. நெகட்டிவ் ஃபிலிம் அதைத் தாங்கும். 400 போட்டால் மூன்றுக்கு மேல் கூடிவிடும், அதை மேகமூட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஸ்லைடு ஃபிலிம் வேண்டவே வேண்டாம். நெ. 2 பிரௌனியில் இழுத்தால் துளையை மாற்றும் ஒரு தகட்டு நாக்கு உண்டு. பெரிய துளை சாதாரண வெயிலுக்கு, நடுத்துளை கடற்கரை போன்ற கண் கூசும் இடத்துக்கு, சிறியது டைம் எக்ஸ்போஷருக்கு (ஷட்டரை வேண்டிய நேரம் திறந்துவைத்து எடுப்பது) மட்டும். டைமுக்கான மற்றொரு நாக்கு தூக்கிக் கிடந்தால் ஷட்டர் திறந்தபடியே நிற்கும். முதல் ரோல் முழுக்க வீணாவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

நெ. 2 போன்ற பெட்டி மாடல்களில் ஷட்டர் நெம்புகோல் கீழே தள்ளினாலும் ஒரு படம், மேலே தள்ளினாலும் ஒரு படம். பழைய இடத்துக்குக் கொண்டுவருகிறேன் என்று திருப்பித் தள்ளினால் ஒரே ஃபிலிமில் இரண்டு காட்சி பதியும். தடுக்க எந்தப் பூட்டும் கிடையாது. படம் எடுத்தவுடன் ஃபிலிமைச் சுற்றிவிடுங்கள். கேமராவை வயிற்றோடு அணைத்து, மூச்சை நிறுத்தி, விரலை மட்டும் அசைத்தால் படம் ஆடாது. ஆள் குறைந்தது இரண்டரை மீட்டர் தள்ளி நிற்கட்டும்.

ஷட்டர் மந்தமாக இருந்தால் தையல் மெஷின் எண்ணெய் விடாதீர்கள். எண்ணெயில் தூசி ஒட்டி அடுத்த மாதம் அடியோடு நின்றுபோகும். லைட்டர் பெட்ரோலை பஞ்சுக் குச்சியில் தொட்டுத் துடைத்தால் போதும். பல மாடல்களில் லென்ஸ் ஷட்டருக்குப் பின்னால் இருப்பதால், முன்பக்கம் துடைத்துவிட்டு ‘சுத்தம்’ என்று நம்பிவிட வேண்டாம். வியூஃபைண்டர் கண்ணாடியின் ரசப்பூச்சு தேய்த்தால் உரிந்துவிடும். தூசியை ஊதிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படம் ஓரங்களில் மங்கலாக இருந்தால் கேமராவைக் குறை சொல்லக் கூடாது. ஒற்றை வில்லை லென்ஸ் அவ்வளவுதான் செய்யும். அன்று நெகட்டிவைக் காகிதத்தின்மேல் அப்படியே வைத்து அதே அளவில் பிரிண்ட் போட்டார்கள், அந்த மங்கல் கண்ணில் படவில்லை. 6க்கு 9 நெகட்டிவை இன்றும் அப்படியே பிரிண்ட் போட்டுப் பாருங்கள், பளிச்சென்று இருக்கும். சுவர் அளவுக்குப் பெரிதாக்கிவிட்டுப் புலம்புவதுதான் தவறு.

கழுவ லேபுக்குக் கொடுக்கும்போது ஸ்பூல் திரும்ப வேண்டும் என்று ரோல் மேலேயே எழுதி ஒட்டுங்கள். வெளியே எடுத்த ஸ்பூலைக் குப்பையில் போடுவது லேப்களின் வழக்கம். 620 ஸ்பூல் ஒன்று போனால் அடுத்த ரோலுக்குத் திண்டாட்டம்.

இப்படிக்கு,
ஃபிலிம் கேமராக்களைப் பழுது பார்க்கும் வாசகர்கள் சிலர்,
சென்னை.