எந்த நோய்க்கு இந்த மாத்திரை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நாட்பட்ட சோர்வு நோய் பற்றித் தங்கள் இதழின் மருத்துவப் பகுதியில் வந்த கட்டுரையைப் படிப்பவர்கள், மனச்சோர்வுக்கான மாத்திரைகளே அந்நோயைத் தீர்க்கும் என்று எண்ணிவிடக் கூடும். ஆறு ஆண்டுகளாக இந்நோயோடு போராடும் ஒருத்தியின் கணவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரத்தப் பரிசோதனையில் குறை ஏதும் தென்படாததால், "எல்லாம் மனசுதாம்மா" என்று சொல்லி ஒரு மருத்துவர் என் மனைவிக்கு மனச்சோர்வு மருந்தான புளூவாக்செடின் 20 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார். அவளோ எதிலும் பிடிப்பின்றிக் கிடந்தவள் அல்லள். மொட்டைமாடியில் துணி உலர்த்தவும் மகனுக்குத் தோசை வார்க்கவும் அவளுக்கு ஆசைதான். ஒருநாள் துணிந்து இரண்டையும் செய்துவிட்டால், அடுத்த இரண்டு நாளும் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமல், வெளிச்சம் கூசுகிறது என்று ஜன்னலைச் சாத்தச் சொல்லிப் படுத்திருப்பாள். உழைப்புக்குப் பின் வரும் இந்தச் சரிவைத்தான் அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 2015-ஆம் ஆண்டு அறிக்கையில் இந்நோய்க்குரிய முக்கிய அடையாளமாகக் குறிப்பிட்டது.

நெதர்லாந்தில் இந்நோய் உள்ளவர்களில் மனச்சோர்வு இருப்பவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இதே மருந்தை இதே அளவில் 8 வாரம் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட அவர்களுடைய களைப்பு குறையவில்லை என்று 1996-இல் லான்செட் இதழில் முடிவு வெளியானது. இந்நோயைக் குணப்படுத்தும் என்று சொல்லி எந்த மருந்தையும் கொடுக்கக் கூடாது என்பது பிரிட்டனில் சிகிச்சை முறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்.

அதற்காக மாத்திரையே ஆகாது என்று நான் வாதிடவில்லை. பின்னர் நாங்கள் பார்த்த மருத்துவர், "இது களைப்புக்கு அல்ல, வலிக்கும் தூக்கத்துக்கும்தான்" என்று சொல்லியே அமிட்ரிப்டிலின் என்ற மனச்சோர்வு மருந்தையே 10 மில்லிகிராம் அளவில் இரவுக்குக் கொடுத்தார். காலையில் நாக்கு வறண்டுபோகிறது என்று கட்டிலருகே ஒரு சொம்புத் தண்ணீர் வைத்துக்கொள்கிறாள். களைப்பு அப்படியேதான் இருக்கிறது, ஆனால் இரவில் தூங்குகிறாள். ஆண்டுக்கணக்கில் அறைக்குள் முடங்கியவருக்கு மனச்சோர்வும் சேர்ந்து வந்தால் (வராமலிருந்தால்தான் வியப்பு) அதற்குரிய மருந்து கட்டாயம் வேண்டும். இக்கடிதத்தைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் திடீரென நிறுத்திவிடவும் வேண்டாம். தலைசுற்றலும் பதற்றமும் வரும், மருத்துவரைக் கேட்டுப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

களைப்பைத் தீர்க்கக் கொடுப்பது, உடன்வந்த மனச்சோர்வுக்குக் கொடுப்பது, வலிக்கும் உறக்கத்துக்கும் கொடுப்பது என்ற மூன்றையும் பிரித்துக் காட்டி, அடுத்த இதழிலேயே ஒரு விளக்கம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்