கொல்லைப்பக்கத்தையும் பாருங்கள்

காவிரி டெல்டாவில் பொதுச் சுகாதாரத் திட்டங்களை மதிப்பிட வருகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். சுகாதார ஆய்வாளராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த டெல்டாவைச் சைக்கிளிலும் பிறகு மொபெட்டிலும் சுற்றி ஓய்வுபெற்றவன் நான். என் ஊர் வெண்ணாற்றுப் பாசனத்தில், கடைமடைக்குச் சற்று முன்னால் இருக்கிறது. ஐப்பசி பிறந்தால் மழையோடு நீங்களும் வருவீர்கள். படிவத்தை நிரப்பிக்கொண்டு, "திட்டம் பயன் தந்ததா, இல்லையா?" என்று ஒரே வரியில் விடை கேட்பீர்கள். அந்த ஒரு வரியைப் பல ஆண்டுகள் கூசாமல் எழுதிக் கொடுத்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

ஒரு தெருவின் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். எந்த ஊருக்கும் பொருந்தும். கூட்டுக் குடிநீர்க் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள், காலையில் ஒன்றரை மணி நேரம் தண்ணீர் வரும். கோடை முற்றினால் அதுவும் மூன்று நாளுக்கு ஒருமுறையாகிவிடும். அதனால் வீட்டு வாசலிலேயே குடம், டிரம், சிமெண்டுத் தொட்டி என்று வரிசை கட்டியிருக்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கும் இப்படி அசையாமல் கிடக்கும் நல்ல தண்ணீர்தான் பிடிக்கும். முட்டை பொரிந்து கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும்.

அந்த ஆண்டு காய்ச்சல் கண்டதும் மஸ்தூர்களை, அதாவது வீடு வீடாகப் போய்க் கொசுப்புழு தேடும் தற்காலிகப் பணியாளர்களை, இறக்கினோம். டார்ச் அடித்துப் பார்த்து, புழு நெளிந்தால் தண்ணீரைக் கவிழ்த்தார்கள். அடுத்த கட்டமாக அபராத நோட்டீஸ். நூறு வீடுகளில் எத்தனை வீட்டில் புழு என்பது வீட்டுக் குறியீடு. நூறு வீடுகளுக்குப் புழுவுள்ள பாத்திரங்கள் எத்தனை என்பது பிரேட்டோ குறியீடு. அந்தத் தெருவில் இரண்டும் ஆறே வாரத்தில் மளமளவென்று சரிந்தன. ஆய்வுக் கூட்டத்தில் என்னைப் பாராட்டினார்கள். காய்ச்சல் மட்டும் சரியவில்லை.

ஒருநாள் வெயிலில் வந்தவனுக்கு அந்தத் தெருவில் ஒரு வீட்டில் மோர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு டம்ளரைக் கழுவக் கொல்லைப்பக்கம் போனேன். வாழைக்கும் வைக்கோல் போருக்கும் நடுவில், சாக்குப் போர்த்தி நான்கு நீல டிரம்கள் இருந்தன. சாக்கைத் தூக்கினேன். தண்ணீர் மட்டத்தை ஒட்டி டிரம்மின் உட்சுவரில் கரித்தூள் தூவியதுபோல் முட்டைகள். உள்ளே தலைகீழாகத் தொங்கும் புழுக்கள். அந்த அம்மா பின்னாலேயே வந்து நின்றார். "விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து பிடித்த தண்ணீர் சார். உங்கள் ஆள் ஒரு நிமிடத்தில் கவிழ்த்துவிட்டுப் போய்விடுவார். அன்றைக்குச் சோறு வடிக்க நீங்களா தண்ணீர் கொண்டுவந்து தருவீர்கள்?"

யோசித்துப் பாருங்கள். வாசலில் இருந்தபோது அந்தத் தண்ணீர் இரண்டு நாளில் தீர்ந்துவிடும். டிரம்மும் அவ்வப்போது தேய்த்துக் கழுவப்படும். கொல்லைக்குப் போனதும் அது அவசரத்துக்கு ஒளித்துவைத்த சேமிப்பாகிவிட்டது. நிழல் உண்டு, யாரும் கை வைப்பதில்லை, பத்து நாளுக்கு மேல் அப்படியே நிற்கிறது. கொசுவுக்கு நாங்களே நல்ல இடம் பார்த்துக் கொடுத்திருக்கிறோம். குறியீடு குறைந்தது உண்மை. குறைந்ததே எங்கள் நடவடிக்கைக்குத் தெரு சொன்ன பதில் என்பதும் உண்மை. படிவத்தில் என்ன எழுதினேன் என்று கேட்காதீர்கள். கொல்லைப்பக்கம் என்று அதில் ஒரு கட்டமே கிடையாது.

இதைத்தான் இப்போது 'சிக்கலான அமைப்புகள்' என்று பெயரிட்டுப் பாடமாகப் படிக்கிறார்கள். ஒரு பக்கம் கை வைத்தால் மற்ற பக்கங்கள் சும்மா இருக்காமல் தங்களை மாற்றிக்கொள்ளும். அந்த மாற்றம் திரும்பிவந்து கை வைத்த இடத்தையே மாற்றும். பாடம் படிக்காத எங்கள் லஸ்கருக்கு, அதாவது மதகுகளைத் திறந்து மூடும் பாசனப் பணியாளருக்கு, இது தெரியும். தலைப்பு மதகின் ஷட்டரை ஒரு சாண் தூக்கினால் கீழே எந்த வாய்க்கால் நிரம்பும், எந்த ஊரில் சண்டை வரும், யார் இரவோடு இரவாகக் கரையை வெட்டுவார்கள் என்பதையெல்லாம் கணக்குப் போட்டுத்தான் அவர் தூக்குவார். தூக்கிய ஷட்டர்களை எண்ணிப் பாசனம் நடந்துவிட்டது என்று அவர் ஒருநாளும் எழுதியதில்லை. நாம்தான் கொசுவுக்கு அடித்த புகையையும், புழுவைக் கொல்லத் தண்ணீரில் ஊற்றிய அபேட் மருந்தையும் லிட்டர் கணக்கில் எழுதி, அதற்குச் சாதனை என்று தலைப்பும் போடுகிறோம்.

புகை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. காய்ச்சல் உச்சத்தில் இருக்கும் ஊருக்குத்தான் புகை எந்திரம் போகும். உச்சம் தொட்டது எதுவும் அடுத்துக் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். மழை விடும், சுற்றிவரும் டெங்கு வகைக்கு ஊரில் பலரின் உடம்பில் எதிர்ப்பு வந்திருக்கும். ஒருமுறை அப்படி இறங்கியபோது எங்கள் துறை புகை என்றது. நிலவேம்புக் குடிநீர் கொடுத்தவர்கள் கஷாயம் என்றார்கள். மாரியம்மன் கோயில் பூசாரி கூழ் வார்த்தது என்றார். மூவரிடமும் இருந்த ஆதாரம் ஒன்றேதான்: முன்னால் அதிகம், பின்னால் குறைவு. பூசாரியாவது படிவம் நிரப்பச் சொல்லவில்லை.

அதற்காக ஒப்பீட்டு ஆய்வுகளைத் தூக்கிப் போடச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரை 24 பகுதிகளாகப் பிரித்து, குலுக்கல் முறையில் 12 பகுதிகளில் மட்டும் வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவை ஏற்றிய ஏடிஸ் கொசுக்களை விட்டார்கள். கொசுவின் உடம்பில் டெங்கு வைரஸ் பெருகுவதை அந்தப் பாக்டீரியா தடுக்கும். டெங்கு 77 சதவீதம் குறைந்ததாக 2021இல் வெளியான முடிவு சொன்னது. நல்ல ஆய்வு. நோய் பரப்பும் பூச்சிகளை ஆராயும், நம் பக்கத்திலிருக்கும் புதுச்சேரி ஆய்வு மையமும் இத்தகைய கொசுக்களை உருவாக்கியிருக்கிறது. ஆனால் நாளைக்கு அவை இங்கே வந்தால், நேற்றுவரை "கொசுவை ஒழி" என்று சொன்ன அதே மஸ்தூர், கொசுவை விட வந்திருப்பதாக அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்லப்போகிறார்? அந்த 77 அங்கே கிடைத்த எண்ணிக்கை. இங்கே என்ன கிடைக்கும் என்பதை இங்கேயுள்ள நம்பிக்கையும் குழாய்த் தண்ணீரும் முடிவு செய்யும். பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2021இல் புதுப்பித்த வழிகாட்டுதலும் ஏறக்குறைய இதையேதான் வலியுறுத்துகிறது: பலித்ததா என்பதோடு நிறுத்தாமல், யாருக்கு, எந்தச் சூழலில், எந்த வழியாகப் பலித்தது என்று கேட்கச் சொல்கிறது.

எப்போதிலிருந்து அளப்பது என்பதிலும் சிக்கல் உண்டு. ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் அணை திறக்கும் என்ற அறிவிப்பு வந்ததுமே இங்கே டிராக்டர் வயலில் இறங்கிவிடும். தண்ணீர் கல்லணையைத் தாண்டிக் கடைமடைக்கு வருவது பின்னால். பிரிட்டனில் சர்க்கரைப் பானங்களுக்கு 2016இல் வரி அறிவித்தார்கள். நடைமுறைக்கு வந்தது 2018 ஏப்ரலில். இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் பல கம்பெனிகள் பானங்களில் சர்க்கரையைக் குறைத்துவிட்டன. வரி வந்த நாளிலிருந்து மட்டும் அளந்திருந்தால் பலனில் பெரும்பகுதி கணக்கிலேயே வந்திருக்காது. நீங்களோ மார்ச் 31 அன்று கணக்கை மூடுகிறீர்கள். அந்த நேரத்தில் எங்கள் வாய்க்காலில் தண்ணீரே கிடையாது.

அடுத்தது கழிப்பறை. வேண்டிய திட்டம், வயலோரம் ஒதுங்கிய பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்பதைக் கண்ணால் பார்த்தவன். ஆனால் டெல்டாவில் மழைக்காலத்தில் இரண்டு முழம் தோண்டினால் தண்ணீர் ஊறும். உறிஞ்சுகுழி உறிஞ்சாது, எதிர்த்துக் கக்கும். பக்கத்துக் கைப்பம்பின் தண்ணீர் கெடும். சிலர் தொட்டி கட்டினார்கள். அதன் காற்றுக் குழாயின் தலையில் வலை கட்டவில்லை. அழுக்கு நீரை விரும்பும் கியூலெக்ஸ் கொசு அதற்குள்ளே குடும்பம் நடத்தியது. யானைக்கால் நோயைப் பரப்புவது அந்தக் கொசுதான். யானைக்காலுக்குப் பேர்போன கும்பகோணத்தைச் சுற்றிய ஊர்கள் இவை. ஒரு துறை கழிப்பறைகளை எண்ணி மகிழ்ந்தது. இன்னொரு துறை யானைக்கால் மாத்திரைகளை எண்ணி மகிழ்ந்தது. அந்த வலையின் விலை ஒரு டீயின் விலை. அது எந்தத் துறையின் கணக்கிலும் வரவில்லை.

இன்னொரு டெல்டாவில் இதைவிடக் கொடியது நடந்தது. வங்கதேசத்தில் குளத்து நீரைக் குடித்துக் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் மடிந்ததால், 1970களிலிருந்து லட்சக்கணக்கில் குழாய்க் கிணறுகள் இறக்கினார்கள். கிணறுகளின் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் அது மாபெரும் வெற்றி. நிலத்தடியில் ஆர்சனிக் இருந்தது 1990களில்தான் வெளியே தெரிந்தது. அதற்குள் கோடிக்கணக்கானோர் அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டார்கள். தோண்டியவர்களின் எண்ணம் நல்லதுதான். அந்தத் தண்ணீரில் ஆர்சனிக் இருக்கிறதா என்று அப்போது வழக்கமாகச் சோதிக்கவில்லை.

ஆகவே சில வேண்டுகோள்கள். ஒரு தெருவுக்கு ஒரே முறை வந்து போகாதீர்கள். குறுவை நடவின்போதும், அடைமழை விட்ட பிறகும், குழாய் வறண்ட சித்திரையிலும் அதே வீடுகளுக்கு வாருங்கள். படிவத்தை எடுப்பதற்கு முன்னால், மேல்நிலைத் தொட்டியைத் திறந்துவிடுகிறவர், தூய்மைப் பணியாளர், கிராம சுகாதார செவிலியர், லஸ்கர் ஆகிய நால்வரையும் ஒரே திண்ணையில் உட்காரவைத்து, எது எதைத் தொடுகிறது என்று ஒரு தாளில் கோடு இழுக்கச் சொல்லுங்கள். அரை நாள் ஆகும். சர்க்கரை அதிகமாக ஊற்றிய டீ நான்கு செலவாகும். அந்தத் தாளில் குடிநீர் வாரியமும் ஊராட்சியும் வந்தால், கொசுவுக்கான மதிப்பீட்டில் அவர்களையும் சேர்த்து அளந்துவிடுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் தண்ணீரை நாள்தோறும் அரை மணி நேரம் விட்டால் டிரம்கள் குறைகின்றனவா என்று ஒரு தெருவில் பார்க்கலாம். எத்தனையோ கூட்டங்களில் இதைக் கேட்டுச் சலித்துவிட்டேன். வீட்டில் இருப்பவர்களிடம், "நாங்கள் வந்துபோன பிறகு எதை மாற்றினீர்கள்?" என்று ஒரு கேள்வியும் சேருங்கள். அபராத நோட்டீஸைப் பையில் வைத்துக்கொண்டு அதைக் கேட்காதீர்கள்.

என் சொந்தக் குறிப்பேடுகள் பரணில் கிடக்கின்றன. மையால் எழுதிய எண்களைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஓரத்தில் பென்சிலால் கிறுக்கியிருப்பதைப் படியுங்கள், தருகிறேன். வருவதாக இருந்தால் குழாயில் தண்ணீர் வரும் நாளாகப் பார்த்து, காலை ஐந்தரைக்கு முன்னால் வாருங்கள். பஸ் அந்த நேரத்துக்குக் கிடையாது. முந்தின இரவே வந்து எங்கள் வீட்டில் தங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர் ஒருவர்