மதுவிலக்குன்னு ஒத்தை வரி எழுதுறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

எல்லா கட்சியிலயும் தேர்தல் அறிக்கை எழுத உக்காருற ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும் வணக்கம்.

நீங்க "படிப்படியா மதுவிலக்கு"ன்னு ஒரு வரி எழுதுறீங்க, எதிர்ல இருக்கறவங்க "அமெரிக்காவுலயே மதுவிலக்கை நடத்த முடியாம எடுத்துட்டாங்க"ன்னு ஒரு வரியில மடக்கிடறாங்க, அத்தோட பேச்சு முடிஞ்சிடுது. அந்த அமெரிக்கா கதையில பாதிய ரெண்டு பேருமே விட்டுடறீங்க. தடை இருந்த 13 வருஷமும் அங்க சாராய யாவாரிங்க சும்மா உக்காந்திருக்கல, மறுபடி திறக்கிற நாளுக்கு தயாராகிட்டே இருந்தாங்க.

1920 ஜனவரியில தடை வந்தப்ப அரை சதவீதம் ஆல்கஹால் இருந்தாலே குத்தம். பெரிய பீர் கம்பெனிங்க ஐஸ்கிரீம், ஈஸ்ட், மால்ட் சிரப், சீஸ்னு மாறுனாங்க, கூர்ஸ் பீங்கான் சாமான் பண்ணாங்க. கூடவே போதையில்லாத பீரும் வித்தாங்க. அதை எப்படி செஞ்சாங்கன்னு கொஞ்சம் நின்னு பாருங்க. முதல்ல நெஜ பீரையே காய்ச்சி புளிக்க வைக்கணும், அப்புறம் அதை சூடாக்கி ஆல்கஹாலை மட்டும் ஆவியா வெளியேத்தணும். அப்படின்னா தடை காலம் பூரா செம்பு அண்டா சூடாவே இருந்துச்சு, பீப்பாய் இருந்துச்சு, பக்குவம் தெரிஞ்ச ஆளும் வேலையிலயே இருந்தான். 1933 மார்ச் 22-ல ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 3.2 சதவீத ஆல்கஹால் இருக்கற பீரை விக்கலாம்ங்கற சட்டத்துக்கு கையெழுத்து போட்டார், ஏப்ரல் 7 பொறந்ததும் நடுராத்திரியே செயின்ட் லூயிஸ்ல, மில்வாக்கியில லாரி லாரியா பீர் வெளிய வருது. நடுவுல 16 நாள்தான். அவங்க காய்ச்சுன லாகர்ங்கற பீர் வகை பக்குவமாகவே வாரக்கணக்குல ஆகும். அவங்க செஞ்சது ஆல்கஹாலை வெளியேத்தற அந்த கடைசி வேலையை நிறுத்துனது மட்டும்தான்.

விஸ்கிக்கு இது நடக்காது, அது மரப்பீப்பாய்ல வருஷக்கணக்கா கெடக்கணும். அதனால அங்க பணம் இருக்கறவன் ஜெயிச்சான். டாக்டர் சீட்டு இருந்தா 10 நாளைக்கு ஒரு பைன்ட் (கிட்டத்தட்ட அரை லிட்டர்) "மருந்து" விஸ்கி வாங்கலாம், அதை விக்க லைசென்ஸ் வாங்குன கம்பெனிங்க விரல் விட்டு எண்ணுற அளவுதான். அதுல ஒண்ணான ஷென்லி கம்பெனி முதலாளி ரோசன்ஸ்டீல் மூடிக் கெடந்த சாராய ஆலைகளையும் பழைய சரக்கையும் வாங்கிப் போட்டார். கனடாவுல சீகிராம் கம்பெனி முதலாளி பிரான்ஃப்மேன் விஸ்கியை அடுக்கி வச்சு ஊற விட்டார். பின்னாடி ஜனாதிபதியான கென்னடியோட அப்பா ஜோசப் கென்னடி 1933-ல இங்கிலாந்துக்கே போய் ஸ்காட்ச் இறக்குமதி உரிமையை பேசி முடிச்சார். தடையை நீக்க 36 மாநிலம் ஒத்துக்கணும், டிசம்பர் 5-ல யூட்டா 36-வது மாநிலமா ஓட்டு போட்டு தடை போச்சு, அன்னைக்கு சரக்கு கைவசம் இருந்தது இவங்கள மாதிரி ஆளுங்க கிட்டதான். 1920-க்கு முன்னாடி தொழில் பண்ண சின்னவங்க நிறைய பேர் திரும்பி வரவே இல்ல.

அங்க அரசாங்கமும் தயாரானதுங்க, ஆனா அவசர அவசரமா. பழைய காலத்துல பீர் கம்பெனியே சலூன்ங்கற குடிக்கற கடையை நடத்தி குடிக்க வச்ச கொடுமையை மனசுல வச்சு, தயாரிக்கறவன் வேற, மொத்தமா விக்கறவன் வேற, கடைக்காரன் வேறன்னு பல மாநிலத்துல பிரிச்சாங்க. பென்சில்வேனியா கவர்னர் பின்ஷோ, தடை நீங்க சில நாள்தான் இருக்குங்கறப்போ அரசு மதுக்கடை சட்டத்தை நிறைவேத்துனார். அவர் நோக்கம், குடிக்கறவனுக்கு வாங்கறது சிரமமா இருக்கணும், விலையும் ஏறணும்ங்கறது. நம்ம ஊர்லயும் அரசுக் கடைதான், ஆனா தீபாவளிக்கு எத்தனை கோடின்னு கணக்கு பாக்கறோம். எனக்கு இதுதான் தாங்கல.

எங்க தெரு முனையில இருந்த கடையை ஒரு தடவை மூடுனாங்க. பொம்பளைங்க எல்லாம் சந்தோஷப்பட்டாங்க, நானும்தான். ஒரு வாரத்துல அதே பாட்டில் ரெண்டு தெரு தள்ளி ஒரு வீட்டு வாசல்ல, சாக்குப்பையில, கூட 60 ரூபா வச்சு வித்தாங்க. கடை மூடுற தேதி அவனுக்கு முன்னாடியே தெரியும், எங்களுக்கு அன்னைக்கு காலையிலதான் தெரியும்.

அதனால கேக்கறேன், இந்த தடவை அறிக்கையில அந்த ஒரு வரிக்குக் கீழ ஒரு பக்கம் எழுதுங்க. எந்த மாசம் எத்தனை கடை மூடுவீங்க, கடையில வேலை பாக்கற தம்பிங்க எங்க போவாங்க, குடியை விட வர்றவனுக்கு எங்க மாவட்ட ஆஸ்பத்திரியில எத்தனை படுக்கை, போற வருமானத்துக்கு பதிலா என்ன, சாக்குப்பைக்காரனை யாரு பிடிப்பாங்க. யாவாரி இந்நேரம் கணக்கு போட ஆரம்பிச்சிருப்பான்.