அந்தோணி குவின் கிரேக்கர் அல்லர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வார இறுதிகளில் சமூக மன்றம் ஒன்றில் தமிழ் இளையர்களுக்கு நாடகப் பயிற்சி அளித்துவரும் ஓய்வுபெற்ற ஆசிரியன் நான். சென்ற மாதம், உடலசைவு பற்றிய ஒரு வகுப்பில், 1964ஆம் ஆண்டு வெளிவந்த 'ஸோர்பா தி கிரீக்' படத்தின் இறுதிக் காட்சியைத் திரையிட்டேன். கடற்கரை மணலில் இரண்டு ஆண்கள் தோள்மீது கைபோட்டு ஆடும் அந்தக் காட்சி முடிந்ததும், "சார், இந்தக் கிரேக்க நடிகர் இன்னும் இருக்கிறாரா?" என்று ஒரு மாணவர் கேட்டார். அவர் கிரேக்கர் அல்லர், மெக்சிகோவில் பிறந்தவர், 2001இல் தமது 86ஆம் வயதில் மறைந்துவிட்டார் என்றேன். பிள்ளைகள் நம்பவே இல்லை. அன்று நேரமின்மையால் சொல்லாமல் விட்டதைத் தங்கள் நாளிதழின் வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன்.

அந்தோணி குவின் 1915ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் தேதி, மெக்சிகோவில் புரட்சி மூண்டிருந்த காலத்தில், சிவாவா நகரில் பிறந்தார். தந்தை வழியில் ஐரிஷ் இரத்தமும் கலந்திருந்ததால்தான் 'குவின்' என்ற குடும்பப் பெயர். கைக்குழந்தையாக இருந்தபோதே எல்லை கடந்து டெக்சஸுக்கு வந்த குடும்பம், பின்னர் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் ஏழை மெக்சிகர்கள் வாழ்ந்த கிழக்குப் பகுதியில் குடியேறியது. சிறு வயதிலேயே தந்தை விபத்தில் இறந்துவிட, பிள்ளை கிடைத்த வேலையெல்லாம் செய்தார். குத்துச்சண்டை மேடையிலும் சில காலம் இறங்கினார்.

அவர் முதலில் விரும்பியது நடிப்பை அன்று, கட்டடக் கலையை. புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட்டிடம் பயில வாய்ப்பும் கிடைத்தது. ஆனால் இளைஞரின் பேச்சு தெளிவாக இல்லை. நாக்கின் அடியில் இருந்த சவ்வு நாக்கைக் கட்டிப்போட்டிருந்தது. கட்டடக் கலைஞன் தன் எண்ணத்தை வாய்விட்டு விளக்கத் தெரிந்தவனாக இருக்க வேண்டும் என்று கருதிய ரைட், அறுவை சிகிச்சை செய்துகொள்ளுமாறு அறிவுறுத்தினார். சிகிச்சைக்குப் பிறகு நாக்கைப் பழக்குவதற்காக நடிப்புப் பள்ளியில் சேர்ந்தவர், அங்கேயே தங்கிவிட்டார். செந்தமிழும் நாப்பழக்கம் என்று சொல்லிச் சொல்லியே லகர, ளகர, ழகர வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தரும் எனக்கு, குவினின் வாழ்வில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். திரையில் நாம் கேட்கும் அந்தக் கரகரத்த, அடிவயிற்றிலிருந்து எழும் குரல் பழகிப் பழகி வந்த குரல்.

1936இல் அவர் திரைக்கு வந்தபோது ஹாலிவுட்டில் அவருக்கென்று கிடைத்த வேடங்கள் எவை? செவ்விந்தியர், அடியாள், கடற்கொள்ளையர், சீனர், அரபுத் தலைவர். தோல் சற்றுக் கறுத்திருந்தால் போதும், எந்த நாட்டவராகவும் காட்டலாம் என்பதே அன்றைய ஸ்டூடியோக்களின் கணக்கு. பெரும்புகழ் பெற்ற இயக்குநர் செசில் பி. டெமிலின் மகளை 1937இல் மணந்த பிறகும் அந்தக் கணக்கு மாறவில்லை. ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் அவர் பெரும்பாலும் இத்தகைய சிறு வேடங்களிலேயே கழித்தார். ஆனாலும் தாம் எந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர் என்பதை அவர் மறைத்ததில்லை. 1942இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு கொலை வழக்கில் மெக்சிக இளையர்கள் கூட்டமாகக் கைதாகி, 1943 தொடக்கத்தில் தண்டிக்கப்பட்டபோது, அவர்களின் வழக்குச் செலவுக்கு நிதி திரட்டும் முயற்சியில் குவினும் துணைநின்றார். மேல்முறையீட்டில் 1944இல் அந்தத் தீர்ப்புகள் இரத்தாயின.

1952இல் வெளிவந்த 'விவா சப்பாட்டா' படத்தைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். மெக்சிகப் புரட்சியின் நாயகன் எமிலியானோ சப்பாட்டாவின் கதை அது. புரட்சியின் நடுவே பிறந்தவர், புரட்சிப் படையில் இருந்த தந்தையைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவர் குவின். ஆனால் நாயகன் வேடம், அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் பிறந்த மார்லன் பிராண்டோவுக்குச் சென்றது. அவருடைய முகத்தில் நிறம் பூசி, ஒப்பனையால் கண்களின் வடிவத்தை மாற்றி, மெக்சிகர் ஆக்கினார்கள். உண்மையான மெக்சிகருக்கு அண்ணன் யூஃபெமியோவின் வேடம். புரட்சி வென்றபின் குடியிலும் அதிகார மயக்கத்திலும் சீரழிந்து, ஏழைகளின் நிலத்தையே பறிக்கும் அண்ணன். அந்த வேடத்துக்காகத்தான் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கர் குவினுக்குக் கிடைத்தது. மெக்சிகோவில் பிறந்த ஒருவர் நடிப்புக்காக அவ்விருதைப் பெற்றது அதுவே முதல் முறை. சிறந்த நடிகருக்கான பரிந்துரையில் இருந்த பிராண்டோவுக்கு அவ்வாண்டு விருது கிடைக்கவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, ஓவியர் வான்காவின் வாழ்க்கையைச் சொன்ன 'லஸ்ட் ஃபார் லைஃப்' படத்திலும் இதுவே நிகழ்ந்தது. வான்காவாக நடித்த கிர்க் டக்ளஸ் பரிந்துரையோடு நின்றார். ஓவியர் கோகானாகச் சில காட்சிகளே வந்த குவின் இரண்டாவது ஆஸ்கரைப் பெற்றார்.

இடையில் இத்தாலிக்குச் சென்று ஃபெலினியின் இயக்கத்தில் 'லா ஸ்த்ராதா'வில் நடித்தார். ஊர் ஊராகச் சென்று, மார்பைச் சுற்றிய இரும்புச் சங்கிலியை மூச்சை அடக்கி அறுத்துக் காட்டும் வித்தைக்காரன் சாம்பனோ. தன்னை நம்பி வந்த அப்பாவிப் பெண்ணைக் கைவிட்டவன், அவள் இறந்த செய்தி அறிந்த இரவில் கடற்கரையில் விழுந்து, மணலைக் கைகளால் அள்ளிப் பற்றிக்கொண்டு அழுவான். ஒரு சொல்கூட இல்லாத அந்த அழுகையை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

மாணவர்கள் பார்த்த ஸோர்பா நடனத்துக்கும் ஒரு கதை உண்டு. படப்பிடிப்பின்போது காலில் எலும்பு முறிந்திருந்ததால் தம்மால் துள்ளிக் குதிக்க இயலவில்லை என்றும், அதனால் பாதத்தை மணலில் இழுத்து இழுத்து ஆடியதாகவும் குவினே பின்னாளில் சொல்லியிருக்கிறார். மீகிஸ் தியோடொராகிஸின் இசையோடு சேர்ந்து 'சிர்த்தாகி' என்ற பெயரில் உலகெங்கும் பரவிய அந்த ஆட்டம், இன்று கிரேக்க நாட்டின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

1980களில் நாங்கள் பிடோக்கில் குடியிருந்த வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கில், எதிர்வீட்டில் நாகூரிலிருந்து வந்து குடியேறிய குடும்பம் இருந்தது. ஒரு நோன்பு மாதத்தில் அந்த வீட்டு நானா, நபிகள் நாயகத்தின் காலத்தைச் சொல்லும் 'தி மெசேஜ்' படத்தின் வீடியோ கேசட்டை வாங்கி வந்து எங்களையும் அழைத்தார். கையில் நோன்புக் கஞ்சிக் கிண்ணத்தோடு கூடத்தில் பத்துப் பதினைந்து பேர் அமர்ந்திருந்தோம். நபிகளின் சிறிய தந்தை ஹம்சாவாகக் குவின் வருகிறார். உஹதுப் போர்க்களத்தில் ஹம்சா ஈட்டி பட்டுச் சாய்ந்தபோது கிண்ணங்களின் ஓசைகூடக் கேட்கவில்லை. நானாவின் வயதான தாயார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த மனுசன் நம்ம ஆளுதானே?" என்று கேட்டார். "இல்ல உம்மா, மெக்சிகோக்காரரு" என்றார் நானா. அந்த அம்மையாரின் முகத்தில் தெரிந்த வியப்பு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அதே இயக்குநர் முஸ்தபா அக்காதின் 'லயன் ஆஃப் தி டெசர்ட்' படத்தில், 1931இல் இத்தாலியரால் தூக்கிலிடப்பட்ட லிபிய வீரர் உமர் முக்தாராகவும் அவர் வந்தார். கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலேறிய கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்த முதியவரின் அமைதியை உணர்வதில் சிரமம் இராது.

ஒருவர் பிற இனத்தவராக வேடமிடுவது முறையா என்ற கேள்வி நம் சிங்கப்பூரிலும் எழுந்து சூடாகப் பேசப்பட்டது. குவின் அந்தக் கேள்வியின் இரு பக்கங்களிலும் நிற்கிறார். தம் இனத்து நாயகனின் வேடம் நிறம் பூசிய இன்னொருவருக்குப் போனதைக் கண்டவர், 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'வில் ஒட்டவைத்த மூக்கோடு அரபுத் தலைவராக நின்றார். அந்த வாய்ப்பு ஓர் அரபு நடிகருக்குப் போயிருக்கலாம் என்பதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. 'தி மெசேஜ்' படத்தை எடுத்தவர்கள் இதற்கு நல்லதொரு வழி கண்டார்கள். அதே அரங்குகளில் அரபு மொழியிலும் தனியாக ஒரு படம் எடுத்து, ஹம்சா வேடத்தை எகிப்திய நடிகர் அப்துல்லா கைத்துக்கு அளித்தார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பது நடிப்புப் பயில்வோருக்குப் பெரும் பாடம்.

தங்கள் நாளிதழின் திரைப் பக்கத்தில் கோலிவுட் செய்திகளோடு, மாதம் ஒருமுறையேனும் இத்தகைய உலக நடிகர்களின் வாழ்க்கையையும் தமிழில் வெளியிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். என் வகுப்பில் பல்கலைக்கழக மாணவி ஒருவர் இருக்கிறார். ஆங்கில நாடகங்களுக்கான நடிகர் தேர்வுக்குச் சென்றால் தமக்கு எப்போதும் தாதி, பணிப்பெண் போன்ற இரண்டு மூன்று வரி வேடங்களே தரப்படுவதாக வருந்துபவர். அந்த நிலை மாற வேண்டும், அதை மாற்றும் பொறுப்பு நாடகம் தயாரிப்போருடையது என்பதில் எனக்கு ஐயமில்லை. யூஃபெமியோவின் கதையை அவரிடம் சொன்னேன். அடுத்த வாரம் அவருக்கு மீண்டும் ஒரு தேர்வு. இம்முறையும் மூன்று வரிகள்தாம். சென்ற சனிக்கிழமை வகுப்பு முடிந்து எல்லாரும் சென்ற பிறகும், அந்த மூன்று வரிகளையும் வெவ்வேறு விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் கதவைப் பூட்டாமல் காத்திருந்தேன்.

இப்படிக்கு,
நாடகப் பயிற்றுநர் ஒருவர்,
பிடோக், சிங்கப்பூர்