தவணை நிறைவும் பிள்ளைகளை ஏற்ற வரும் வழியும்

மதிப்பிற்குரிய பெற்றோர்களே, வணக்கம்.

இந்தத் தவணை நல்லபடியாக முடிகிறது. போட்டி விளையாட்டில் பிள்ளைகள் உற்சாகமாக ஓடினார்கள், கதை சொல்லும் போட்டியிலும் பரிசு கிடைத்தது, நூலகத்துக்குப் புது வண்ணம் பூசியாயிற்று. அனைவருக்கும் வாழ்த்துகள்.

அப்புறம், பிள்ளைகளை ஏற்ற வரும் வழியைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

ஈப்போவிலிருந்து வரும் உறவினர்களும் புது வேன் ஓட்டுநர்களும் கைப்பேசி காட்டும் குறுக்குவழியை நம்பிச் செம்பனைத் தோட்டத்துக்குள் புகுந்துவிடுகிறார்கள். விளையாட்டு, கழகம் போன்ற புறப்பாட நடவடிக்கை உள்ள நாள்களில் 4 மணிக்கு வர வேண்டிய கார் இருட்டும் நேரத்தில் வந்து சேர்கிறது. யாரையும் குறை சொல்லவில்லை. வழிகாட்டிச் செயலி நல்ல கருவிதான். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் துணைக்கோள்களில் நான்கின் சமிக்ஞை கிடைத்தால் போதும், நாம் எங்கே நிற்கிறோம் என்று சொல்லிவிடும். காகித வரைபடத்தால் அது முடியாது. ஆனால் நிற்கும் இடம் தெரிவது வேறு, போகும் பாதை தெரிவது வேறு. பாதையின் படம் இணையம் வழியாக வருகிறது. முன்பே சேமித்து வைக்காவிட்டால், தோட்டத்துக்குள் லைன் போனதும் வெறும் திரையில் ஒரு புள்ளிதான் மிஞ்சும். மாலையில் கேட் பூட்டப்படுவதும், மழைக்குப் பின் மண்சாலை சேறாவதும், குலை ஏற்றிய லோரி எதிரே வருவதும் அதற்குத் தெரியாது. செம்பனை வரிசைகளோ எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி. அடையாளம் வைத்துத் திரும்பி வரவும் வழியில்லை.

கண்டிப்பாகவே சொல்கிறேன்: பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு யாரும் தோட்டச் சாலையில் போகக்கூடாது. ஏழு வயதுப் பிள்ளையோடு இருட்டில் சிக்கிக்கொண்டால் உதவிக்கு அழைக்கவும் லைன் இருக்காது. இதில் பள்ளி விட்டுக்கொடுக்காது.

ஆறாம் ஆண்டு மாணவர்கள் அழகான வரைபடம் ஒன்று வரைந்திருக்கிறார்கள். அரசாங்க நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடம்தான் அவர்களுக்கு மாதிரி; அதில் 2 சென்டிமீட்டர் என்றால் 1 கிலோமீட்டர். பெரிய சாலை, கோயில் முச்சந்தி, பழைய லயம், பள்ளி வாசல் எல்லாம் மாணவர்களின் வரைபடத்தில் உண்டு. உங்களுக்குப் பதில் வேறொருவர் வருவதானால், தயவுசெய்து முதல் நாளே ஒரு பிரதி வாங்கிக் கொடுத்தனுப்புங்கள். கைப்பேசியும் கூடவே இருக்கட்டும்.

வழி தவறியவர்களை மோட்டாரில் முன்னே போய்க் கூட்டி வந்த தோட்டத்து அண்ணன்மார்களுக்கும், பிள்ளைகளோடு பொறுமையாகக் காத்திருந்த ஆசிரியர்களுக்கும், புரிந்துகொண்டு ஒத்துழைக்கும் உங்களுக்கும் என் மனமார்ந்த நன்றி. வரைபடத்தில் ஏதாவது விடுபட்டிருந்தால் அலுவலகத்தில் சொல்லுங்கள், திருத்திவிடலாம்.

இக்கண்,
தலைமையாசிரியர்
சுங்கை சிப்புட்